வேலும் லேகியமும் ஈரலைக் காக்குமா?

பழனி மலை அடிவாரத்திலும், கொடைக்கானல் போகும் வழியிலுள்ள ஊர்களிலும் இப்பொழுது ஒரு வியாபாரம் வெகு மும்முரமாய் நடந்து வருகின்றது. அதாவது "எதிர்ப்பு சக்தி" வியாபாரமாகும். முன்பெல்லாம் தாயத்து, தீர்த்தம் என்று விற்றவர்களும், "சகல ரோக நிவாரணி" என்று சூரணம் விற்றவர்களும், 2020-ம் வருஷத்துக் கொரோனாக் காலத்திற்குப் பிறகு இந்த ஒரு சொல்லைக் கெட்டியாய்ப் பிடித்துக் கொண்டார்கள். லேகியம் என்றாலும் எதிர்ப்பு சக்தி. மலைத்தேன் என்றாலும் எதிர்ப்பு சக்தி. மலைப்பூண்டு என்றாலும் எதிர்ப்பு சக்தி. ஆண்டவன் மேனியில் ஊற்றி வழித்த பால் என்றாலும் அதுவும் எதிர்ப்பு சக்தியே!

வாலிபன் ஒருவன் வாங்கித் தின்று பத்து ரூபாய் நஷ்டப்படுவானேயானால் நாம் இதைப்பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இந்தச் சொல் புற்றுநோய் கண்டவர்களின் வீட்டுக்குள் நுழைகிறது. "ஈரலுக்குப் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னாரா? பயப்படாதே. எதிர்ப்பு சக்தியைப் பெருக்கினால் புற்று தானாகக் கரைந்து விடும்" என்று சொல்லி, அறுவைக்கும் மருந்துக்கும் உரிய காலத்தைப் பறித்துக் கொள்ளுகின்றது. பறிக்கப்படுகிற காலம் திரும்பி வராது. ஆகையால்தான் இதைப்பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கின்றது.

இந்தச் சொல்லைப் பிடித்துக் கொண்டதில் ஒரு தந்திரமும் உண்டு. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாதென்று 1954-ம் வருஷத்திலேயே மத்திய சர்க்கார் சட்டம் செய்திருக்கின்றது. மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோயும் பெயர் சொல்லிக் காட்டப்பட்டிருக்கின்றது. ஆகவே "புற்றைத் தீர்க்கும்" என்று எழுதினால் வழக்கு வரும். "எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்" என்று எழுதி வைத்துவிட்டு, மற்றதை நோயாளியின் காதோடு காதாய்ச் சொன்னால் வழக்கும் வராது, வருமானமும் குறையாது. இதுவே இந்த வைத்தியத்தின் முதல் பாடம்.

சூரசம்ஹாரக் கணக்கு

இவ்வளவு பேர் இதற்கு ஏமாறுவானேன் என்றால், வியாதியைப் பற்றி நம் மக்களின் மூளையில் ஏற்கனவே ஒரு கதை ஏற்றப்பட்டிருப்பதுதான் காரணம். ஐப்பசி மாதத்தில் பழனியில் சூரசம்ஹாரம் நடக்கிறது. ஒரு பக்கம் அசுரன். ஒரு பக்கம் வேல். வேல் வந்தால் அசுரன் மாண்டான்; கதை முடிந்தது. வியாதியையும் இந்தக் கணக்கிலேயே நம் மக்கள் எண்ணிப் பழகிவிட்டார்கள். புற்று என்பது அசுரன். உடம்பின் சக்தி என்பது வேல். சக்தி கூடினால் புற்று ஒழியும் என்பது இவர்கள் கணக்கு. கோயிலில் சொன்ன கதையையே லேகியக்காரன் டப்பாவில் அடைத்து விற்கிறான். அவன் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் மனித உடம்பு இந்தக் கதைப்படி நடப்பதில்லை. உடம்பில் தேவர் கட்சி, அசுரர் கட்சி என்று இரண்டு நிரந்தரக் கட்சிகள் இல்லை. புற்று அணு வெளியிலிருந்து வந்த பூதமல்ல. நமது சொந்த உயிரணுவே கட்டுக்கு அடங்காமல் பெருகத் தொடங்கியதுதான் புற்று. அதுபோலவே நம்மைக் காக்க இருக்கிற காவல் அணுக்களும் எக்காலத்திலும் நம் பக்கமே நிற்கும் என்று பட்டயம் எழுதிக் கொடுத்தவை அல்ல. முக்கியமாய், புற்று ஈரலுக்குப் பரவுகிற விஷயத்தில் காவல் அணுக்கள் செய்யும் வேலையைத் தெரிந்து கொண்டால், "சக்தியைப் பெருக்கு" என்கிற பேச்சு எவ்வளவு அர்த்தமற்றது என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

ஈரலுக்கு ஏன் போகிறது?

ஈரலில் புற்று இரண்டு விதம். ஈரலிலேயே பிறப்பது ஒன்று. குடலிலோ, கணையத்திலோ, மார்பிலோ பிறந்து பின் ஈரலுக்குக் குடிபோவது மற்றொன்று. நாம் இங்கு பேசுவது பெரும்பாலும் இந்தக் குடியேறும் புற்றைப் பற்றியே. பெருங்குடலில் புற்று கண்டவர்களில் நான்கில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை, என்றாவது ஒரு காலத்தில் அது ஈரலுக்கும் பரவி விடுகின்றது.

இதற்குக் காரணம் தலைவிதியல்ல, ரத்த ஓட்டம். நமது ஈரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. அதற்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்தும் அதைச் சேர்ந்த உறுப்புகளிலிருந்தும் ஒரே பெரிய நரம்பின் வழியாக வந்து சேருகின்றது. மலையில் பெய்த மழையெல்லாம் ஓடைகளின் வழியாய் அடிவாரத்து அணைக்கு வந்து சேர்வதைப் போல, குடலில் உறிஞ்சப்பட்ட சத்தும் நஞ்சும் கிருமியும் முதலில் ஈரலுக்கே வந்தாக வேண்டும். குடல் புற்றிலிருந்து கழன்று ரத்தத்தில் விழுந்த அணுவும் அந்த வழியாகவே வருகின்றது. ஈரலுக்குள் ரத்தம் மிகச் சிறிய கால்வாய்களில் மெதுவாய் ஓடுகிறபடியால், வந்த அணு அங்கே தங்குவதும் சுலபமாகின்றது.

ஆனால் ரத்த ஓட்டம் மாத்திரமே காரணமல்ல என்பதை ஸ்டீபன் பாஜெட் என்ற லண்டன் வைத்தியர் 1889-ம் வருஷத்திலேயே எடுத்துக் காட்டினார். மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் கணக்குகளை அவர் சேர்த்துப் பார்த்தார். 241 பேருக்கு ஈரலில் புற்று பரவியிருந்தது. மண்ணீரலில் பரவியிருந்தவர்களோ 17 பேர்தான். மண்ணீரலுக்கும் ரத்தம் போகத்தானே செய்கிறது? அப்படியிருக்க இந்த வித்தியாசம் ஏன்? விதை எங்கும் விழுகிறது, ஆனால் ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று அவர் முடிவு செய்தார். இதை நம் மலைக் குடியானவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூம்பாறையில் விளைகிற பூண்டை எடுத்துப் பழனிச் சமவெளியில் ஊன்றினால் அதே பூண்டு வராது என்பது அவர்களுக்குத் தெரியும். ஈரல் புற்றுக்கு ஏற்ற மண்ணாயிருப்பது ஏன் என்பதே பின்னர் வந்தவர்களின் ஆராய்ச்சியாயிற்று. அந்த ஆராய்ச்சியில்தான் காவல் அணுக்களின் சங்கதி வெளிவந்தது.

காவல்காரனும் கள்ளனும்

உடம்புக்குள் காவல் அணுக்கள் இருக்கின்றன என்பதை ருஷியாக்காரரான மெச்னிகாஃப் என்பவர் 1882-ல் இத்தாலியில் மெசினா என்னும் கடற்கரை ஊரில் கண்டார். நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்து, மறுநாள் பார்த்தபோது அந்த முள்ளைச் சுற்றிலும் அணுக்கள் வந்து கூடி நின்றன. அந்நியப் பொருளை விழுங்க வந்த அணுக்கள் அவை. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நாம் பரிசைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அவர் முள்ளைக் குத்தினார், பார்த்தார், பிறரும் குத்திப் பார்க்கும்படி எழுதி வைத்தார் என்பதைத்தான் சொல்லுகிறோம். ஞான திருஷ்டியில் கண்டதாக அவர் சொல்லவில்லை.

ஈரலில் இந்த விழுங்கும் அணுக்கள் மற்ற எந்த உறுப்பைக் காட்டிலும் அதிகம். குப்ஃபர் என்ற ஜெர்மானியர் 1876-ல் இவற்றை வர்ணித்தபடியால் இவற்றிற்குக் குப்ஃபர் அணுக்கள் என்று பெயர். ஈரலின் சிறு கால்வாய்களின் உட்சுவரில் ஒட்டிக் கொண்டு, குடலிலிருந்து வரும் கிருமிகளையும், ஆயுள் முடிந்த சிவப்பு அணுக்களையும் ஓயாமல் விழுங்கிக் கொண்டிருப்பதே இவற்றின் வேலை. இவற்றோடு, சந்தேகப்பட்ட அணுவைத் தீண்டிக் கொல்லுகிற மற்றொரு வகைக் கொலையணுக்களும் ஈரலில் ஏராளமாய்க் காவல் இருக்கின்றன. அவற்றை 1975-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஈரலுக்கு வந்து சேரும் புற்று அணுக்களில் பெரும்பாலானவை வந்த இடத்திலேயே மாண்டு போகின்றன. இது நம் காவல் அணுக்களின் பெருமையே, நாம் மறுக்கவில்லை.

ஆனால் கதை இதோடு முடிவதாயிருந்தால் லேகியக்காரனும் ஜெயித்து விடுவான். முடியவில்லை.

2013-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். குடற்புற்று அணுக்களை ஈரலுக்குள் அனுப்பு முன்னமே குப்ஃபர் அணுக்களை மருந்தால் அழித்தார்கள். ஈரலில் புற்று அதிகமாயிற்று. காவல்காரன் இல்லாத வீட்டில் கள்ளன் புகுந்தான் என்று யாரும் சொல்லி விடலாம். ஆனால் வேறு சில எலிகளில், புற்று வேரூன்றி வளர்ந்த பிறகு அதே குப்ஃபர் அணுக்களை அழித்தார்கள். அப்பொழுது புற்று குறைந்தது! அதாவது முதலில் கள்ளனைப் பிடித்த அதே காவல்காரன், கள்ளன் உள்ளே குடியேறிய பிறகு அவனுக்கு ஒத்தாசை செய்து கொண்டிருந்தான் என்பது வெளியாயிற்று.

அணு ஒன்றே, ஆள் மாறவில்லை, சமயம் மாறியது, வேலையும் மாறிவிட்டது. இதற்கு என்ன காரணமென்றால், காவல் அணுக்களுக்குக் கொல்லுகிற வேலை ஒன்று மாத்திரமல்ல. காயத்தை ஆற்றுவதும், புது ரத்தக் குழாய் வளர்ப்பதும், அழற்சியை அடக்குவதும் அவற்றின் வேலையே. புற்று தன்னைச் சுற்றிலும் ஆறாத காயத்தைப் போல் வேஷம் போடுகிறது. காவல் அணுவும் காயத்தை ஆற்றுவதாக எண்ணிப் புற்றுக்கு ரத்தக் குழாய் கட்டிக் கொடுக்கிறது.

அன்றியும் ஈரலுக்கு ஒரு பிரத்தியேகமான சுபாவம் உண்டு. நாம் தின்கிற ஒவ்வொரு கவள சோற்றின் சத்தும், குடல் கிருமிகளின் துணுக்குகளும் தினமும் அங்கு வருகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் காவல் அணுக்கள் ஆயுதம் தூக்குமானால் ஈரல் ஒரு வாரத்தில் வெந்து போகும். ஆதலால் ஈரலில் உள்ள காவல் அணுக்கள் சகித்துக் கொள்ளப் பழகியவை. மாற்றி வைத்த பிறர் ஈரலை உடம்பு மற்ற உறுப்புகளைவிடச் சுலபமாய் ஏற்றுக் கொள்ளுவதற்கும் இந்தச் சுபாவம் ஒரு காரணம். இந்தச் சகிப்புத்தனத்தின் நிழலிலேதான் புற்றும் ஒளிந்து கொள்ளுகிறது.

இன்னும் கேளுங்கள். கிருமியைப் பிடிக்கச் சில வெள்ளை அணுக்கள் தமது உட்கருவையே நூலாக இழைத்து வலை வீசுகின்றன என்பது 2004-ல் ஜெர்மனியில் தெரிய வந்தது. நல்ல ஆயுதந்தானே? ஆனால் மார்புப் புற்று அணுக்களில் சில, ஈரலில் வீசப்பட்டிருக்கும் இந்த வலையின் வாசனையை அறிந்து அதை நோக்கியே போய்த் தங்குகின்றன என்பதை 2020-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். மீனைப் பிடிக்கப் போட்ட வலை, மீனுக்கே வீடாயிற்று. கணையப் புற்றோ இதற்கும் ஒருபடி மேல். அது தான் போவதற்கு முன்னமே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பொட்டலங்களை ரத்தத்தில் அனுப்புகிறது. குப்ஃபர் அணுக்கள் வழக்கப்படி அதை விழுங்குகின்றன. விழுங்கிய பிறகு புற்று வந்து தங்குவதற்கு ஏற்றபடி ஈரலைப் பக்குவப்படுத்தும் காரியத்தைத் தொடங்கி விடுகின்றன. இது 2015-ல் எலிகளில் காட்டப்பட்டது.

இவற்றில் பல எலிகளில் கண்டவை. மனிதருக்கு அப்படியே பொருந்துமா என்பதை அறிய ஆராய்ச்சி நடந்து வருகின்றது. இதைச் சொல்ல விஞ்ஞானி வெட்கப்படுவதில்லை. லேகியக்காரனோ எலிக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை, எண்ணியும் பார்க்கவில்லை. ஆனால் சகல மனிதருக்கும் சகல புற்றும் தீரும் என்கிறான். இரண்டில் எது யோக்கியமான பேச்சு என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

எந்தச் சக்தியைப் பெருக்குகிறீர்?

இப்பொழுது எதிர்ப்பு சக்தி வியாபாரிகளை நாம் கேட்கிறோம். ஐயா, உமது லேகியம் எந்தக் காவல் அணுவைப் பெருக்குகிறது? விழுங்கும் அணுவையா, கொலையணுவையா, வலை வீசும் அணுவையா? புற்று வருமுன் பெருக்குமா, வந்த பின் பெருக்குமா? குடியேறிய புற்றுக்கு ஒத்தாசை செய்யும் அணுவையும் சேர்த்தே அது பெருக்குமானால், நோயாளியின் கதி என்ன? எத்தனை பேருக்குக் கொடுத்தீர்? கொடாமல் விட்ட எத்தனை பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்? பிழைத்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை? இறந்தவர்களின் கணக்கை எந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்?

இதற்கெல்லாம் பதில் வராது. "நம்பினால் குணமாகும்" என்றுதான் பதில் வரும். நம்பினவன் பிழைத்தால் லேகியத்தின் மகிமை. இறந்தால் நம்பிக்கை போதவில்லை! எந்தப் பக்கம் விழுந்தாலும் வியாபாரிக்கே ஜெயமாகும்படி பந்தயம் கட்டுவதற்கு வைத்தியம் என்று பெயரா?

மெய்யாகவே காவல் அணுக்களைத் தூண்டிவிடும் மருந்தும் இன்று இருக்கின்றது. காவல் அணுவின் மேல் புற்று மாட்டி வைக்கும் கடிவாளத்தைக் கழற்றும் வழியைக் கண்டதற்காக அமெரிக்காவின் ஆலிசன், ஜப்பானின் ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. அந்த மருந்தால் முன்பு கைவிடப்பட்ட பலர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் மறுபக்கத்தையும் டாக்டர்கள் மறைக்காமல் சொல்லுகிறார்கள். கடிவாளம் கழன்ற காவல் அணு சில சமயம் நோயாளியின் சொந்தக் குடலையும் நுரையீரலையும் ஈரலையுமே தாக்குகிறது. மெய்யான சக்தி என்றால் அதற்கு ஆபத்தும் உண்டு. அளவு வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரு ஆபத்தும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று விற்கப்படும் சக்தி சக்தியே அல்ல. வெறும் சர்க்கரைப் பாகு.

அந்த மெய்யான மருந்துகூட, புற்று ஈரலுக்குப் பரவியவர்களிடம் சற்றுக் குறைவாகவே பலிக்கிறது. அதன் காரணத்தை 2021-ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையார் ஆராய்ந்தார்கள். போருக்குத் தயாரான காவல் அணுக்களை ஈரலிலுள்ள புற்று தன்னிடம் இழுத்துக் கொள்ளுகிறது. அங்குள்ள விழுங்கும் அணுக்களே அவற்றைக் கொன்று விடுகின்றன என்று கண்டார்கள். எலிகளின் ஈரலுக்குக் கதிர் சிகிச்சை செய்தபோது இந்த அழிவு குறைந்து மருந்து பலித்தது. காரணத்தைக் கண்டவனுக்கே வழியும் தோன்றுகிறது என்பதற்கு இது உதாரணம். உலகத்துப் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளே இவ்வளவு சிரமப்படும் இந்த ஈரலை, ஒரு டப்பா லேகியத்தால் சரி செய்வேன் என்பவனை என்னவென்று சொல்வது?

நவபாஷாணமும் கீழாநெல்லியும்

பழனி மலைமேல் இருக்கும் விக்கிரகம் போகர் என்ற சித்தரால் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்யப்பட்டதென்றும், அதன்மேல் ஊற்றிய பாலும் பஞ்சாமிர்தமும் தீராத நோயைத் தீர்க்குமென்றும் சொல்லிவருகிறார்கள். பூம்பாறைக் கோயில் விக்கிரகத்திற்கும் இந்தக் கதை உண்டு. பஞ்சாமிர்தம் என்பது வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் இவற்றின் கலவை. தின்ன ருசியாயிருக்கும், அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. 2019-ல் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் கொடைக்கானல் மலைப்பூண்டிற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. "சர்க்காரே சர்டிபிகேட் கொடுத்துவிட்டது" என்று இதை நோயாளிகளிடம் காட்டுவது பெரிய புரட்டு. அந்தக் குறியீடு பண்டம் எந்த ஊர் என்பதற்குச் சாட்சியே ஒழிய, எந்த நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சாட்சியல்ல.

"பாஷாணத்தால் புற்று தீருமென்று வெள்ளைக்காரனே ஒப்புக் கொண்டானே" என்று சில சாமர்த்தியசாலிகள் கேட்கிறார்கள். உண்மைதான். வெள்ளைப் பாஷாணம் ஒரு குறிப்பிட்ட வகை ரத்தப் புற்றுக்கு மருந்தாக இன்று உலகமெங்கும் கொடுக்கப்படுகின்றது. அதைச் சோதித்து நிலைநாட்டியவர்கள் சீன தேசத்து வைத்தியர்கள். எப்படிச் செய்தார்கள்? எந்தப் புற்று என்று பிரித்தார்கள். நோயாளியின் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று நிறுத்தார்கள். நரம்பு வழியே ஏற்றினார்கள். இருதயத்தின் துடிப்பைக் கவனித்தார்கள். கணக்கை உலகத்தின்முன் வைத்தார்கள். அந்த மருந்தும் அந்த ஒரு ரத்தப் புற்றுக்கே ஒழிய ஈரலுக்குப் பரவிய புற்றுக்கல்ல. விக்கிரகத்தின்மேல் ஊற்றிய பாலில் எத்தனை மில்லிகிராம் பாஷாணம் இருக்கிறது? இல்லையென்றால் அது மருந்தல்ல. இருக்கிறதென்றால் அளவில்லாமல் விஷம் கொடுப்பதாகும். இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும்.

நாம் நாட்டு மூலிகைக்கு விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். கீழாநெல்லியையே எடுத்துக் கொள்ளுவோம். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் நாட்டில் பாட்டிமார் சொல்லி வந்த சங்கதி. சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதைச் சும்மா புகழாமலும் சும்மா இகழாமலும் சோதித்துப் பார்த்தார்கள். ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் கிருமியைக் கண்டு 1976-ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் என்பவரும் அதில் கூட இருந்தார். 1988-ல் முடிவு வெளியாயிற்று. கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. எவ்வளவு சந்தோஷமான செய்தி! ஆனால் பிற்பாடு மற்ற தேசங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே அது நிரூபிக்கப்பட்ட மருந்து என்ற ஸ்தானத்தை அடையவில்லை. இதுவே பகுத்தறிவின் நடத்தை. நம்முடையது என்பதற்காக ஒப்புக் கொள்ளுவதும் இல்லை, நாட்டுப்புறத்தது என்பதற்காகத் தள்ளுவதும் இல்லை. சோதனையே தீர்ப்பு.

அதே கொடைக்கானல் மலைமேல் 1901-ம் வருஷ முதல் சூரியனை ஆராயும் கூடம் ஒன்று நடந்து வருவது எல்லோருக்கும் தெரியும். நூறு வருஷத்திற்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து, அதிலுள்ள கரும்புள்ளிகளை எண்ணி வருகிறார்கள். சூரிய கிரகத்திற்குச் சாந்தி செய்தால் நோய் தீருமென்று அடிவாரத்தில் சொல்லப்படுகிற போது, மலை உச்சியில் அதே சூரியனின் நெருப்புக் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளந்து 1909-லேயே வெளியிட்டார்கள். வானத்துச் சூரியனையே அளக்கத் துணிந்த மனிதனுக்குத் தன் வயிற்றுக்குள் இருக்கும் ஈரலைப் பற்றி மாத்திரம் மந்திரமும் கதையும் எதற்கு?

முன்வினையாம் முன்வினை

இனி, "எல்லாம் முன்ஜென்ம வினை, எந்த டாக்டரால் என்ன ஆகும்?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராமகிருஷ்ண பரமஹம்சர் 1886-ல் தொண்டைப் புற்றால் இறந்தார். திருவண்ணாமலை ரமண ரிஷி 1950-ல் கையில் வந்த புற்றால் இறந்தார். நாத்திகர் என்று பழிக்கப்பட்ட இயக்கத்தில் வளர்ந்த அறிஞர் அண்ணாவும் 1969-ல் உணவுக் குழலில் வந்த புற்றால் இறந்தார். யாரையும் இழிவுபடுத்த இதை நாம் சொல்லவில்லை. பக்தன், ஞானி, பகுத்தறிவாளன் என்று பார்த்துப் புற்று வருவதில்லை என்பதையே சொல்லுகிறோம். வினைப்பயன் என்றால் நாய்க்கும் மாட்டுக்கும் புற்று வருகிறதே, அவை போன ஜென்மத்தில் செய்த பாவம் என்ன? தொட்டில் குழந்தைக்கு வருகிறதே, அது எந்தக் கோயில் சொத்தைத் திருடியது? நோயாளிக்கு நோயின் வலி போதாதென்று, பாவி என்கிற பட்டத்தையும் சேர்த்துச் சூட்டுவதுதான் இந்தத் தத்துவத்தின் கருணை!

இந்த நாட்டில் புற்றுக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1923-ல் தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அவர் வினையென்று ஓய்ந்து விடவில்லை. முப்பது வருஷம் விடாமல் முயன்று 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை 12 படுக்கைகளோடு தொடங்கி வைத்தார். வினையென்று உட்கார்ந்திருந்தால் அந்தப் 12 படுக்கையும் வந்திராது.

செய்ய வேண்டியது என்ன?

இவ்வளவும் சொல்லிவிட்டு மக்களுக்கு வழி சொல்லாமல் விடுவது யோக்கியமல்ல. நமது கிராமங்களில் நடப்பது என்னவென்றால், ஒருவருக்குக் கண்ணும் சிறுநீரும் மஞ்சளானால் உடனே காமாலை என்று முடிவு செய்து, மந்திரிக்கவும், இலை அரைத்துக் குடிக்கவும், கையில் சூடு போடவும் கிளம்பி விடுகிறார்கள். காமாலை என்பது ஒரு நோயின் பெயரல்ல. பல நோய்களின் அடையாளம். கிருமியாலும் வரும், குடியாலும் வரும், பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் வரும். கணையத்தில் புற்று வந்து குழாயை நெரித்தாலும், ஈரலில் புற்று பரவினாலும் வரும். கிருமியால் வந்த காமாலையில் பல தானாகவே சில வாரங்களில் நீங்கும். அந்தப் பெயரை இலைக்காரன் தட்டிக் கொண்டு போவான். மற்றக் காமாலைகளில் அந்தச் சில வாரங்களே உயிர்.

ஆகையால் வலியில்லாமல் மஞ்சளித்து, மலம் வெளுத்து, உடம்பு அரித்து, எடை குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று தாமே முடிவு கட்டி மாதக் கணக்காய்ச் சும்மா இருக்கக் கூடாது. மார்பில் கட்டி கண்ட பெண்கள் வெட்கத்தால் மறைக்கக் கூடாது. ஏனெனில் புற்று ஈரலுக்குப் போகுமுன் பிடிப்பதே எல்லாவற்றிலும் மேலான வைத்தியம். போன பிறகும் எல்லாம் முடிந்து விட்டதென்று அர்த்தமில்லை. குடற்புற்று ஈரலில் சில இடங்களில் மாத்திரம் பரவியிருந்தால், அந்தப் பகுதியை அறுத்து எடுத்து ஐந்து வருஷத்துக்கு மேலும் வாழ்கிறவர்கள் உண்டு. நல்ல ஈரலானால் பாதியை எடுத்தாலும் மீதி வளர்ந்து கொள்ளும். அந்தச் சமயத்தை லேகியத்தில் தொலைத்தவனுக்கு அறுக்க ஈரல் மிச்சமிராது. இனி, ஈரலிலேயே பிறக்கும் புற்றைப் பெருமளவு தடுக்க, பிறந்த குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாய்ப் போடுகிறார்கள். மெய்யான எதிர்ப்பு சக்தி வேண்டுமானால் அது அங்கே இருக்கிறது, விலையும் இல்லை.

சர்க்காரையும் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி முதலிய மேல்மலைக் கிராமத்தார் ஒரு நல்ல பரிசோதனைக்காகக் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மலையிறங்கித் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலியும் போய், பஸ் செலவும் ஆகி, மறுபடி வரச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்துத் தெருவில் லேகியம் கிடைக்கிறது. பணக்காரர்கள் காற்று வாங்க ஏறும் மலைக்கு ரோட்டும் ஓட்டலும் போட முடியுமானால், அந்த மலையிலேயே பிறந்தவர்களுக்குப் பரிசோதனைக் கருவியையும் டாக்டரையும் மேலே ஏற்ற முடியாதா? மூடநம்பிக்கை ஒரு பாதி வேலை செய்கிறதென்றால், தூரமும் தரித்திரமும் மற்றப் பாதி வேலையைச் செய்கின்றன. 1954-ம் வருஷத்துச் சட்டத்தையும் புத்தகத்திலேயே தூங்க விடாமல் கொஞ்சம் எழுப்பி விட வேண்டும்.

டாக்டர்களையும் தெய்வமாக்கும்படி நாம் சொல்லவில்லை. அவர்களையும் கேளுங்கள்: என்ன புற்று, எங்கு பரவியிருக்கிறது, இந்த மருந்தால் எவ்வளவு பலன், எவ்வளவு கஷ்டம், எவ்வளவு செலவு, சர்க்கார் காப்பீட்டில் கிடைக்குமா என்று கேளுங்கள். யோக்கியமான டாக்டர் பதில் சொல்லுவார். அதே கேள்விகளை லேகியக்காரனிடமும் பூசாரியிடமும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் கோபிக்கிறவன் யாரோ, அவனிடம் உங்கள் ஈரலை ஒப்படைக்காதீர்கள்.

தோழர்களே! காவல் அணுவே சில சமயம் கள்ளனுக்குக் கதவு திறக்கிறது என்பதை இன்று மனித அறிவு கண்டுபிடித்து, அதை எப்படித் திருத்துவது என்று வழி தேடிக் கொண்டிருக்கிறது. உடம்புக்குள் இருக்கும் காவல்காரனையே சந்தேகித்துச் சோதிக்க வேண்டிய காலத்தில், உடம்புக்கு வெளியே வேலும் டப்பாவும் வைத்துக் கொண்டு "நானே காவல்" என்கிறவர்களைச் சோதிக்காமல் நம்புவது என்ன நியாயம் என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இந்த அடையாளங்கள் இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முதலில் அவரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.